எடைக்கல்லுக்கு எடை

ஏழு பெட்டிகள்.
மின்தூக்கி பழுது என்பதால்
ரொஸ்லானும் நானும் நான்காம் மாடிக்குச் சுமந்தோம்.
உபி தொழிற்பேட்டையில் கீழே டயர் கடை,
எதிரே பாண்டான் கேக் வேகும் வாசனை,
இடையில் நாங்கள்:
கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் மன்றம்.
ஒன்பது பேர், ஒரு நகல் இயந்திரம்.
எங்கள் எல்லாரையும்விட
அதற்குத்தான் மருத்துவ விடுப்பு அதிகம்.

பன்னிரண்டு ஆண்டுகள்
அடுத்தவர் நூலகத்தில் புத்தகம் எண்ணினோம்,
அடுத்தவர் ஆய்வகத்தில் குழாய் திறந்து பார்த்தோம்.
"இந்தப் பாடத்திட்டத்தை
எந்தக் கூட்டத்தில், யார் ஏற்றார்கள்?"
கேட்டுவிட்டு, பதில் வரும்வரை
பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தோம்.

இன்று எங்கள் முறை.
எங்களை அளக்க
அமைச்சிலிருந்து மூவர்.

யார் பணத்தில் வாழ்கிறாய்?
சான்று கேட்பவன் கட்டும் கட்டணத்திலா?
அப்படியென்றால்
அவனிடமே "இல்லை" சொல்ல
நாக்கு எப்படி எழும்?
உன் நடுவர்
யார் வீட்டுக் கல்யாணத்தில் கை நனைத்தார்?
மேல்முறையீட்டைக் கேட்கும் காது
முதல் தீர்ப்புச் சொன்ன வாயோடு
ஒட்டிப் பிறந்ததா?
விதிப் புத்தகம் இப்படியெல்லாம் கேட்பதில்லை.
'பிரிவு ஆறு, சார்பின்மை' என்பதோடு
நிறுத்திக்கொள்கிறது.

காலையில் சந்தையில்
குனிங் மீன் அரைக் கிலோ வாங்கினேன்.
தராசின் நெற்றியில் சோதனை முத்திரை,
போன வருடத் தேதி.
மீன்காரர் கட்டைவிரலைத் தட்டில் வைக்கவில்லை.
நான்தான்
அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் குவெக் கோப்பி ஓவில் சர்க்கரை வேண்டாமென்றார்.
ஏற்றுக்கொண்ட நாற்பத்தோரு கோப்புகளை
ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
"நீங்கள் மறுத்த ஒன்றைக் காட்டுங்கள்."

ஐந்தாம் பெட்டி, பச்சைக் கோப்பு.
கேலாங் கடைவீடு ஒன்றில்
பெயரில் பன்னாட்டு, உள்ளே பதினெட்டு நாற்காலி.
மூன்று விரிவுரையாளர்களுக்கு ஒரே கையெழுத்து.
சான்றை மீட்டோம்; இரு மாதத்தில் கதவடைப்பு.
அவர் பக்கம் பக்கமாய்ப் படித்தார்,
தலையசைத்தார்,
"வலுவான ஆதாரம்" என்று குறித்தார்.
ரொஸ்லான் மேசைக்கடியில்
என் காலை மெல்லத் தட்டினான்.

பிறகு புகார்ப் பதிவேடு.
அவர் விரல் இறங்கி இறங்கி
முப்பத்தொன்றில் நின்றது.
"தீர்ந்தது என்றிருக்கிறதே, எப்படித் தீர்ந்தது?"

சேவுகன்.
ஒரு புதன்கிழமை, அரைநாள் சம்பளம் விட்டு,
காலணியில் துவாஸ் மண்ணோடு வந்தவர்.
பாதுகாப்பு மேற்பார்வை, ஞாயிறு வகுப்பு,
மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி.
நான்காக மடித்த ரசீதை முகப்பில் விரித்தார்.
"அவங்க சரியில்லைன்னு நீங்க சொன்னீங்க, சரி.
நீங்க சரின்னு யாரும்மா சொன்னது?"
அன்று யாரும் சொல்லியிருக்கவில்லை.
ஒரு குவளை தண்ணீர் கொடுத்தேன்.
ஒரு படிவமும்.
ஆண்டு முடிவில் வரிசை நேராக வரட்டுமென்று
'தீர்ந்தது' என எழுதியது
இந்தக் கைதான்.

குளிர்சாதனம் சொட்டிக்கொண்டிருந்தது.
"தீரவில்லை" என்றேன்.
ரொஸ்லான் கூரையைப் பார்த்தான்.
டாக்டர் குவெக் ஏதோ எழுதினார்,
நீளமாக,
தலைகீழாய்ப் படிக்க முடியாத கையெழுத்தில்.

ஒன்பது மாதம் கழித்துக் கடிதம் வந்தது.
ஐந்தாண்டு அங்கீகாரம்.
இயக்குநர் கறிபஃப் வாங்கித் தந்தார்.
எங்களுக்கும் இப்போது
ஒரு காலாவதித் தேதி உண்டு.
இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு நிபந்தனை:
புகார் முப்பத்தொன்றை மீண்டும் திறக்கவும்.

அமைச்சை யார் அளப்பார் என்று
ரொஸ்லான் வாய் நிறையக் கறிபஃப்போடு கேட்கிறான்.
கையமர்த்துகிறேன்.
படிவத்தில் இருப்பது எட்டு இலக்க எண்.
அழைக்கிறேன்.
மணி போகிறது.
கீழே எந்த டயருக்கோ
காற்றுப் பிடிக்கிறார்கள்.